பகர் என்ற சொல்லும் ஒரு வாழைக்கன்றும்

1

அண்ணன் இறந்து இன்றோடு பதினான்கு நாட்கள். பதினாறாம் நாள் கருமாதி.

இது கதையாகத் தொடங்கவில்லை. கண்டியிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் ஒரு சிறு சஞ்சிகைக்கு, தேயிலைத் தோட்டத்துப் பேச்சில் கலந்துவிட்ட ஆங்கிலச் சொல் ஒன்றைப் பற்றி எண்ணூறு சொற்களில் கட்டுரை தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். ஆசிரியர் மதுஷா தொலைபேசியில் சொன்னார்.

"லயம், எஸ்டேட், ஃபெக்டரி எல்லாம் முன்னமே எழுதிட்டாங்க தங்கச்சி. வேற ஏதாவது பாருங்க."

"பகர்" என்றேன்.

மறுமுனையில் அவர் சிரித்தார். "அது கெட்ட வார்த்தை இல்லையா?"

"பாதிதான்."

நான் தாவரவியல் படித்தவள். பேராதனையில் முதலாம் வருட மாணவர்களுக்கு நுணுக்குக்காட்டியில் இலையின் வெட்டுமுகம் காட்டுவது என் வேலை. எனக்குச் சொற்களோடு பழக்கம் குறைவு. ஆட்களோடு இன்னும் குறைவு. மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

"ஒருவரைத் திட்டவும் கொஞ்சவும் ஆங்கிலத்தில் ஒரே சொல் பயன்படுவது" (பள்ளிக்கூடக் கட்டுரை. விட்டேன்.)

"என் அண்ணன் திவாகரன், முப்பத்தொரு வயது, டெங்குக் காய்ச்சலில்" (இதற்கு மேல் கை போகவில்லை.)

"அப்பாவுக்குத் தெரிந்த ஆங்கிலச் சொற்களில், அவர் ஆசையோடு சொல்வது ஒன்றுதான்." (இதை வைத்துக்கொள்கிறேன்.)

பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊரை மாற்றவில்லை.

2

அந்தச் சொல், ஆங்கிலத்தின் bugger, ஒரு நாட்டின் பெயரில் பிறந்தது. பல்கேரியா.

ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே ஒரு கிறிஸ்தவக் கூட்டம் இருந்தது. கண்ணால் காணும் இந்த உலகத்தைச் சாத்தான்தான் செய்தான் என்று அவர்கள் நம்பினார்கள். திருச்சபை அவர்களை மதவிரோதிகள் என்றது. பிரான்சிலும் அதேபோல் நம்புகிறவர்கள் தோன்றியபோது அவர்களையும் "பல்கேரியன்" என்றே ஏசினார்கள். பிரெஞ்சு வாயில் அது "பூக்ர்" ஆனது. மதவிரோதி என்று முத்திரை விழுந்தவனைப் பற்றி யாரும் எதையும் சொல்லலாம். ஆணோடு ஆண் படுக்கிறவர்கள் என்றும் சொன்னார்கள். ஆங்கிலத்துக்கு வந்து சில காலத்தில் மதம் கழன்று, படுக்கை மட்டும் சொல்லில் தங்கிவிட்டது. பதினாறாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் அரசன் ஒருவன் அதைச் சட்டத்தில் எழுதினான். தண்டனை, தூக்கு.

அதன்பிறகு மாலுமிகளும் சிப்பாய்களும் அதை வாயில் போட்டு மென்று மென்று கூர் மழுங்க வைத்தார்கள். வெறும் "ஆள்" ஆனது. "பய" ஆனது. அந்த நிலையில்தான் கப்பலேறி இங்கே வந்திருக்க வேண்டும். தேயிலைக்கு முன்பா பின்பா என்று எனக்குத் தெரியவில்லை.

[குறிப்பு: தமிழ் அகராதியிலும் "பகர்" உண்டு. சொல், வெளிப்படுத்து என்று பொருள். இரண்டுக்கும் உறவில்லை. கட்டுரையை இதை வைத்து முடிக்கலாம் என்று நினைத்திருந்தேன், அண்ணன் இருந்தபோது. இப்போது மலிவாகத் தெரிகிறது. இனித் தொடமாட்டேன்.]

3

அப்பாவின் பெயர் முத்துலிங்கம். ஹந்தானையில் ஒரு தோட்டத்து மேலாளரான பெரிய துரைக்கு இருபத்திரண்டு வருடம் ஜீப் ஓட்டினார். துரை வெள்ளைக்காரர் அல்ல. கொழும்பில் படித்த சிங்களவர். பேச்சு மட்டும் முழுக்க ஆங்கிலம். அவருக்கு எல்லாரும் பகர்தான். கணக்கப்பிள்ளை பகர், டாக்டர் பகர், அவருடைய நாயும் பகர்.

ஒரு பனி நாளில் வளைவொன்றில் ஜீப் சறுக்கியது. அப்பா அதை மண்மேட்டில் இடித்து நிறுத்தினார். அடுத்த பக்கம் பள்ளம். அன்று பங்களாவுக்கு வந்த விருந்தாளிகளுக்கு முன்னால், துரை அப்பாவின் தோளில் கைபோட்டு, "இந்தப் பகர் இல்லையென்றால் இன்று நான் இல்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னாராம். அப்பாவுக்கு அதில் இரண்டு சொற்கள்தான் விளங்கின. துரையின் கை தோளில் இருந்தது விளங்கியது. அவருக்கு அதற்கு முன்னும் பின்னும் யாரும் பட்டம் கொடுக்கவில்லை.

அடுத்த வருடம் அண்ணன் பிறந்தான். அப்பா அந்தப் பட்டத்தை அவனுக்குக் கொடுத்துவிட்டார்.

"டேய் பகர், சாப்பிட்டியா?" "எங்க பகர் கெம்பஸ் போறான்." "பகர் ஃபோன் எடுக்க மாட்டேங்குறான், நீ எடு பாப்பா." வேறு யாரையும் அப்பா அப்படிக் கூப்பிட்டுக் கேட்டதில்லை. எனக்கு எட்டு வயதில் ஒருநாள், என்னையும் பகர் என்று கூப்பிடச் சொல்லி அழுதேன். "அது பயலுக்குச் சொல்றது பாப்பா" என்று சொல்லிவிட்டார். அம்மா சிரித்தார். அம்மா போய் இப்போது ஆறு வருடம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அப்பா சத்தமாகச் சொல்லும் சொல் அது ஒன்றாகத்தான் இருந்தது.

பதினேழு வயதில் அண்ணன் கண்டி நூலகத்தில் பெரிய அகராதியைத் திறந்து அதன் பழைய பொருளைக் கண்டுபிடித்தான். பல வருடம் கழித்து என்னிடம் சொன்னான். அதைச் சொன்ன அன்றுதான் தன்னைப் பற்றியும் சொன்னான். நாங்கள் பேராதனைச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தோம்.

"அப்பா என்னைய நாள்தோறும் சரியாத்தான் கூப்பிடுறாரு, நிஷா. அவருக்குத்தான் அது தெரியாது."

சிரித்தபடிதான் சொன்னான். பஸ் வந்தது. ஏறவில்லை. அடுத்த பஸ்ஸிலும் ஏறவில்லை.

4

இந்தக் கதையில் எனக்குச் சந்தேகமான பாத்திரம் சுஜந்தன்.

முதல் பிரதியில் அவரை "நண்பர்" என்று எழுதினேன். இரண்டாவதில் "அறைத்தோழர்". மூன்றாவதில் அவரை எடுத்தே விட்டேன். அப்போது அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்தது யார், முச்சக்கரவண்டி பிடித்தது யார், வார்டில் இருந்தது யார் என்ற மூன்று கேள்விக்கும் பதிலில்லாமல் போனது. திரும்பச் சேர்த்தேன்.

சுஜந்தன் யாழ்ப்பாணத்துக்காரர். கண்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறார். ஏழு வருடமாக அவரும் அண்ணனும் பேராதனையில் ஒரு வாடகை வீட்டில் இருந்தார்கள். அவர்கள் ஒருவரையொருவர் நேசித்தார்கள். இந்த வாக்கியத்தை எழுத எனக்கு நான்கு நாள் ஆனது. அப்பாவுக்கு அவர் "பகரோட கூட்டாளி வாத்தியார்".

டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்து. குருதிக் குழாய்களிலிருந்து நீர்மம் கசியத் தொடங்குவது அப்போதுதான். எனக்கு அது பாடத்தில் தெரியும். அண்ணனுக்குக் காய்ச்சல் விட்டதாகச் சுஜந்தன் சொன்னபோது, தொலைபேசியில் அவருடைய குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டு, இரத்தப் பரிசோதனை செய்தீர்களா என்று கேட்டேன். "செய்தாச்சு, திரும்பவும் செய்யப் போறம்" என்றார். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. யாரும் பிழை விடவில்லை. அப்படியும் இறந்தான்.

வார்டில் ஒருவர்தான் நிற்கலாம். தாதி கேட்டபோது சுஜந்தன் "தம்பி" என்று சொல்லி நின்றார். அண்ணனைவிட அவர் இரண்டு வயது மூத்தவர்.

[இந்தக் கதையில் ஒன்றை உங்களிடமிருந்தும் மறைத்து வைத்திருக்கிறேன். அதை முதலில் கேட்க வேண்டியவர் நீங்கள் அல்ல.]

5

பன்னிரண்டாம் நாள் கணேஸ் மாமா கம்பளையிலிருந்து வந்தார். அம்மாவின் தம்பி. எங்கள் சொந்தத்தில் நல்லது கெட்டது எல்லாம் அவர் சொல்படிதான்.

"மச்சான், பய கல்யாணம் கட்டாமப் போயிட்டான்" என்றார். "அப்புடியே விட்டா வீட்டத்தான் சுத்திக்கிட்டு இருப்பான்."

"சுத்துனா சுத்திட்டுப் போறான்" என்றார் அப்பா. "அவன் வீடுதானே."

"வெளையாடாதீங்க மச்சான்."

எங்கள் ஆட்களில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணமாகாமல் இறந்த ஆணுக்கு, அடக்கத்துக்கு முன் ஒரு வாழைக்கன்றைப் பெண்ணாக வைத்துத் தாலி கட்டுவார்கள். சேலை சுற்றி, பொட்டு வைத்து, தாலி கட்டி, பிறகு ஒரே வெட்டில் வெட்டி ஆற்றில் விடுவார்கள். குறை தீர்ந்தது என்று கணக்கு. அண்ணனை ஆஸ்பத்திரியிலிருந்து கொட்டும் மழையில் நேரே மஹியாவை மயானத்துக்குக் கொண்டுபோனோம். அதற்கு நேரம் இருக்கவில்லை.

"அன்னைக்கு விட்டுப்போச்சு. கருமாதியிலயாவது செஞ்சுருவோம்" என்றார் மாமா. பிறகு என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தினாலும் கேட்டது. "வீட்டுல ஒரு பொண்ணு இருக்கு. நாளைக்கு எடம் பாக்கையில, அண்ணன்காரன் ஆவி குறையோட நிக்குதுன்னு ஒருத்தன் சொல்லிட்டா?"

அப்பா என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு மறுக்கவில்லை. எனக்காகத்தான் சம்மதித்தார். இதைக் கதையில் மறக்கக் கூடாது.

"சரி. பொண்ணு வீட்டுக்காரன்னு யாரு நிப்பா?" என்று கேட்டார்.

சுஜந்தன் அப்போது அடுக்களையில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு நாளும் பள்ளிக்கூடம் விட்டு வந்து அதைத்தான் செய்தார். அப்பா எழுந்து போய் அவருடைய ஈரக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார்.

"இந்தப் பகர் நிக்கட்டும்" என்றார். "என் மகனுக்கு இவரு செஞ்சத ஒரு சொந்தக்காரனும் செய்யல. தம்பி, நல்ல வாழக்கன்னு ஒன்னு நீங்களே கொண்டாங்க. பொண்ணுக்கு அண்ணனா நின்னு குடுங்க."

அப்பா அந்தச் சொல்லை அண்ணன் அல்லாத ஒருவருக்குச் சொன்னதை நான் கேட்டது அன்றுதான். சுஜந்தனும் அதை அறிவார். அவருடைய முகத்தைப் பற்றி இரண்டு வாக்கியங்கள் எழுதினேன். இரண்டையும் அடித்துவிட்டேன்.

"ஓம் ஐயா" என்றார். "கொண்டு வாறன்."

வாசல் வரை அவருக்குப் பின்னால் போனேன்.

"ஏன் சரின்னு சொன்னீங்க?"

"வேற என்னத்தைச் சொல்லுறது, நிஷா?" செருப்பைத் தேடினார். காலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. "ஐயா என்னை அப்பிடிக் கூப்பிட்டவர். நீர் கேட்டனீர்தானே."

"அப்பாவுக்கு உண்மைய சொல்லிரலாம்."

"நான் சொல்ல மாட்டன். எனக்கு வாய் வராது." கொஞ்சம் யோசித்தார். "நீர் சொன்னா, நான் இல்லையெண்டும் சொல்ல மாட்டன். ஆனா என்னைப் பாத்துச் சொல்ல வேண்டாம். உமக்கு நாளைக்கு ஒரு வாழ்க்கை இருக்கு."

"உங்களுக்கு?"

"எனக்கு நாளைக்கு முதல் பாடம் பத்தாம் வகுப்பு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

6

இங்கே வாசகர் ஒருவர் கேட்கலாம். சொல்லிவிட்டால் என்ன?

ஆயிரத்து எண்ணூற்று எண்பத்து மூன்றில் இங்கே ஒரு தண்டனைச் சட்டக்கோவை வந்தது. இங்கிலாந்தின் பழைய சட்டம் வேறு உடுப்புப் போட்டு அதற்குள் இருந்தது. "இயற்கை ஒழுங்குக்கு மாறான" என்று அதில் எழுதியிருக்கிறது. இங்கிலாந்து தன் சட்டத்தை நீக்கிவிட்டது. இங்கே நான் இதை எழுதும் நாள்வரை இருக்கிறது. இயற்கை ஒழுங்கு பற்றி ஒரு தாவரவியல்காரியிடம் கேட்டிருக்கலாம். ஒரே பூவுக்குள் ஆணும் பெண்ணும் இருக்கும். பெண் பூ முந்தி, ஆண் பூ பிந்தி வரும். (வாழையைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று இப்போதுதான் கவனித்தேன். நிறுத்துகிறேன்.)

சட்டம் எங்கள் வீட்டுக்கு வராது. மாமா வருவார். பள்ளிக்கூடத்தில் ஒரு பெற்றார் கூட்டத்தில் ஒருவர் எழுந்து ஒரு வார்த்தை சொன்னால் சுஜந்தனின் வேலை போகும். அப்பாவிடம் மிச்சமிருக்கும் மகனும் போகலாம். பதினான்கு நாளாக அப்பா சோறு உண்பது சுஜந்தன் பக்கத்தில் இருந்தால்தான்.

ஆகவே முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

ஒரு முடிவில் கருமாதி நடக்கிறது. சுஜந்தன் வாழையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மாமா, அண்ணனின் படத்தை வைத்து அவனுக்குப் பதிலாகத் தாலி கட்டுகிறார். கத்தி இறங்குகிறது. எல்லாரும் சாப்பிடுகிறார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மிக நடக்கக்கூடிய முடிவு. அதை எழுதி முடித்ததும் தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

இன்னொன்றில் சுஜந்தன் வரவில்லை. தொலைபேசி அணைந்திருக்கிறது. அப்பா வாசலில் நின்று "பகர் வந்துருவான், பகர் வந்துருவான்" என்கிறார். எந்தப் பகர் என்று யாரும் கேட்கவில்லை. இது நல்ல கதை. கதைக்காக ஒரு மனிதரை ஓடவிட எனக்கு உரிமையில்லை.

மூன்றாவதில் நான் பேசுகிறேன். அதில் என் பேச்சு மிக நன்றாக இருக்கிறது. பல்கேரியாவிலிருந்து தொடங்கி அப்பாவுக்கு விளக்குகிறேன். அவர் கண்கலங்கிக் கேட்கிறார். அதைக் கிழித்தேன். வகுப்பில் பெயர் கூப்பிடும்போதே எனக்குக் குரல் நடுங்கும்.

7

இதைப் பதினைந்தாம் நாள் பின்னேரம் எழுதுகிறேன். இனி வருவது நான் கற்பனை செய்தது அல்ல.

காலையில் சுஜந்தன் வாழைக்கன்றோடு வந்தார். அவருடைய பள்ளிக்கூடத்து அஸீமா டீச்சரின் திகன வீட்டுத் தோட்டத்தில் தோண்டியது. இடுப்பளவு உயரம். கிழங்கோடு சாக்கில் சுற்றியிருந்தது.

"பஸ்ஸில கண்டக்டர் இதுக்கு அரை டிக்கட் கேட்டவன், ஐயா" என்றார்.

அப்பா சிரித்தார். பதினைந்து நாளில் முதல்முறை. "குடுத்தீங்களா?"

"குடுத்தன்."

"டீச்சர் ஒன்னும் கேக்கலியா, எதுக்குன்னு?" என்றேன்.

"கேட்டவ." கன்றின் கிழிந்த இலையை விரலால் நேராக்கினார். "கல்யாணத்துக்கெண்டு சொன்னன். 'யாருட கல்யாணம் சேர், எங்களுக்குச் சொல்லவே இல்லியே' எண்டு கோவிச்சவ. பிறகு இருக்கிறதுக்குள்ள நல்லதாப் பாத்துத் தந்தவ."

மாமா சாமான்களைக் கொண்டுவந்து வைத்தார். சிவப்புச் சேலை, மஞ்சள் கிழங்கு, நூல்கண்டு. "பாப்பா, நூல திரிச்சு மஞ்ச தடவி வை. நாத்தனார் முடிச்சு ரெண்டும் நீதான் போடணும், தெரியும்ல? மாப்பிள்ளைக்குத் தங்கச்சி நீ." தாலியில் முதல் முடிச்சு மாப்பிள்ளையுடையது. மற்ற இரண்டையும் அவனுடைய சகோதரிதான் போட வேண்டும். சொல்லிவிட்டு, நாளைக்குச் சடங்கு செய்யும் பண்டாரத்தைப் பார்த்துவர முச்சக்கரவண்டியில் கீழே போனார்.

வீட்டில் மூன்று பேர் இருந்தோம். சுஜந்தன் முற்றத்தில் கன்றை நேராக நிறுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். அப்பா சேலையை விரித்து அதன் உயரத்தை அளந்து பார்த்தார். சேலை பெரிதாக இருந்தது. மடித்தார். இன்னும் பெரிதாக இருந்தது.

"பகர் உசரத்துக்கு இது பத்தாது" என்றார். அண்ணன் ஆறடி. "என்னா செய்ய, இவ்வளவுதான் பொண்ணு கெடச்சிச்சு."

சுஜந்தன் இலைகளுக்குப் பின்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்பாவே நூலைத் திரித்து, மஞ்சள் தடவி என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை.

"என்னா பாப்பா? பயமா இருக்கா?"

தலையை அசைத்தேன். ஆமென்றா இல்லையென்றா, எனக்கே தெரியவில்லை.

"உனக்காகத்தான்டா இதெல்லாம். எனக்கு அவன் சுத்துனா சந்தோசந்தான். புடி."

இங்கே கதையை நிறுத்த மூன்று நல்ல இடங்கள் இருந்தன, மூன்றையும் கடந்துவிட்டோம். இதற்குப் பிறகு ஒரே ஒரு பேச்சு இருக்கிறது, அது என்னுடையது. அப்பா அதற்கு என்ன சொன்னார், கையில் இருந்த நூலை என்ன செய்தார், மாமா வந்தபோது வாழைக்கன்று எங்கே இருந்தது என்பதை எழுதமாட்டேன். வெட்கத்தால் அல்ல. அதைக் கேட்டிருந்தால் உங்கள் வீட்டில் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்களோ, அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

நான் சுஜந்தனைப் பார்க்கவில்லை. அவர் கேட்டுக்கொண்டபடி. அப்பாவின் கையில் இருந்த மஞ்சள் நூலைப் பார்த்துச் சொன்னேன். குரல் நடுங்கியது. ஆனால் சத்தமாகத்தான் வந்தது.

"அண்ணனுக்குக் கல்யாணம் ஆயிருச்சுப்பா. ரெண்டு முடிச்சையும் நான்தான் போட்டேன். சுஜந்தன் கழுத்துல."